வடை வட்டத்தின் சார்பாக

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம். மணி ஏழே முக்கால் ஆகிவிட்டது, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வாசிப்பின் பெரிய சுகம் தனிமையிலா, பகிர்தலிலா என்பது இன்றைய தலைப்பு. பகிர்தலில்தான் என்று சொல்ல வந்திருக்கிறோம் நாங்கள். எனக்கு முன்னால் பேசிய எதிரணிப் பேராசிரியர் அழகாகப் பேசினார். மழை பெய்கிற மதியம், ஜன்னலோரம் சாய்வு நாற்காலி, ஆவி பறக்கும் காபி, அணைத்து வைத்த செல்போன், மடியில் புதுப் புத்தகம். கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. அந்தச் சுகத்தை யார் மறுப்பார்கள்? அதோடு நிறுத்தியிருந்தால் நானும் கைதட்டிவிட்டு உட்கார்ந்திருப்பேன். அவர் நிறுத்தவில்லையே!

என்ன சொன்னார்? "வாசகர் வட்டம், வாசகர் வட்டம் என்கிறார்களே, போன மாதம் இந்த நூலகத்து மாடியில் நடந்த வட்டத்துக்கு நானும் போயிருந்தேன். வந்தவர்கள் பதினாலு பேர். புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள் ஆறு பேர். வடை சாப்பிட்டவர்கள் பதினாலு பேர். அது வாசகர் வட்டம் இல்லை ஐயா, வடை வட்டம்!"

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை, அதற்குரிய கைதட்டல் அவருக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் எனக்குத் தலைப்பு மறந்துவிட்டது நடுவர் ஐயா. எழுதி வைத்த குறிப்பைக் கீழே வைத்துவிட்டேன். இந்த வடைக்குப் பதில் சொல்லாமல் என்னால் இந்த மேடையை விட்டு இறங்க முடியாது.

பேராசிரியரின் கணக்கு சரி. எட்டுப் பேர் படிக்காமல்தான் வந்தார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருத்தி ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடும் பெண். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பது வரை நிற்கிறாள். கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. சட்டம் வந்துவிட்டது, அவள் நிற்கிற கடைக்கு இன்னும் நாற்காலி வரவில்லை. நீங்கள் சாய்வு நாற்காலியைப் பற்றி அரை மணி நேரம் பேசினீர்களே ஐயா, சாதா நாற்காலியே கிடைக்காதவள் எங்கே போய்த் தனிமையில் வாசிப்பாள்? வீட்டில் ஒரே அறை, அதில் ஐந்து பேர், தொலைக்காட்சி வேறு. அவள் அந்த ஞாயிற்றுக்கிழமை படிக்காமல்தான் வந்தாள். ஆறு பேர் பேசியதைக் கேட்டாள். போகும்போது அந்தப் புத்தகத்தைத் தன் அட்டையில் எடுத்துக்கொண்டு போனாள். டவுன் பஸ்ஸில் போக வர, பதினோரு நாளில் முடித்துவிட்டாள். படித்துவிட்டு வந்த ஆறு பேருக்காக நாங்கள் வட்டம் நடத்தவில்லை. படிக்காமல் வருகிற எட்டுப் பேருக்காக நடத்துகிறோம்!

சரி, இப்போது வடைக்கு வருகிறேன்.

எனக்கு ஒன்பது வயது. 1983 என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஐந்து வீடு சேர்ந்து ஒரு வாரப்பத்திரிகை வாங்குவார்கள். ஐந்து வீட்டுக்கும் ஒரே பிரதி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும். எங்கள் வீட்டு ரேழியில் ஆட்டுக்கல் இருந்தது. பெண்கள் எல்லாம் ஊறவைத்த அரிசி, உளுந்தைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிடுவார்கள். என் அத்தை, அப்பாவின் அக்கா, நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்து தொடர்கதையைச் சத்தமாக வாசிப்பார். மாமியாருக்கு ஒரு குரல், மருமகளுக்கு ஒரு குரல், போலீஸ்காரருக்கு ஒரு குரல். அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, எழுத்து தெரியாது. கோடி வீட்டுப் பெரியம்மாவுக்கும் தெரியாது. ஆனால் கதையில் எந்த வாரம் என்ன நடந்தது என்று தேதியோடு சொல்வார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் மூன்றாம் வீட்டு அக்காவுக்குப் பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். இருபத்தைந்து பேருக்கு உளுந்து வடை. மூன்று படி உளுந்து ஊறிக் கிடக்கிறது. பெரியம்மா குழவியைச் சுற்றுகிறார், அப்பாயி மாவைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் தெளிக்கிறார். அத்தை வாசிக்கிறார். கதையில் கதாநாயகி பெட்டியோடு ரயில்வே பிளாட்பாரத்தில் நிற்கிறாள். எதிர்ப் பிளாட்பாரத்தில் அவன் நிற்கிறான். நடுவில் ரயில் வருகிறது. ஏறுவாளா, மாட்டாளா? குழவி சுற்றுகிறது. அத்தை ஒரு வரி வாசிக்கிறார், அப்பாயி ஒரு கை தண்ணீர் தெளிக்கிறார். இன்னொரு வரி, இன்னொரு கை தண்ணீர். ரயில் நிற்கிறது, தண்ணீர். கார்டு விசில் ஊதுகிறார், தண்ணீர். அவள் பெட்டியைத் தூக்குகிறாள், தண்ணீர். ஒரு காலை எடுத்துப் படியில் வைக்கிறாள்...

தொடரும்!

எல்லோரும் குனிந்து ஆட்டுக்கல்லைப் பார்க்கிறார்கள். உள்ளே மாவு இல்லை, மோர் இருக்கிறது.

நடுவர் ஐயா, பின்வரிசையில் இருக்கும் தாய்மார்கள் "என்ன, என்ன" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இன்னொரு தரம் சொல்கிறேன், இந்தத் தரம் அப்பாயி பேசியதையும் சேர்த்து. அப்பாயி கட்சி, "அவ ஏறக் கூடாது. பெத்தவங்கள விட்டுட்டு எங்க போறா?" பெரியம்மா கட்சி, "ஏறட்டும் அத்தே, அந்த வீட்ல இருந்து என்னத்தக் கண்டா?" இப்படி ஒரு பட்டிமன்றம் குழவிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கிறது. பெரியம்மாவுக்குக் கோபம் வந்தால் குழவி வேகமாகச் சுற்றும். அப்பாயிக்குக் கோபம் வந்தால் தண்ணீர் கூடும். இரண்டு பேருக்கும் கோபம் வந்தால் மாவின் கதி என்ன ஆகும்?

மறுநாள் காலையில் அரிசி மாவைக் கொட்டிக் கலந்தார்கள். ரவையைக் கொட்டினார்கள். மாவு கைக்கு வரவில்லை. வாழையிலையில் தட்டினால் ஓடுகிறது. கடைசியில் கரண்டியால் மொண்டு எண்ணெயில் விட்டார்கள். ஒன்று இலங்கை மாதிரி வந்தது. ஒன்று ஆட்டுக்காது மாதிரி வந்தது. ஒன்றுக்கு மூன்று ஓட்டை, பத்து வடைக்கு ஓட்டையே இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வந்ததிலிருந்து முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டிருக்கிறார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் இலையில் வடை விழுகிறது. எடுத்துப் பார்க்கிறார், திருப்பிப் பார்க்கிறார். பெண் வீட்டுக்காரர்களுக்கு மூச்சே இல்லை. "இது என்னங்க?" என்றார்.

அப்பாயி பொய் சொல்லத் தெரியாதவர். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். "வடைதாம்மா. நேத்து கதை கேட்டுக்கிட்டே ஆட்டினோம், தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு. அந்தப் பொண்ணு ரயிலடியில நிக்கிறா பாருங்க, அந்தக் கதை."

அந்த அம்மா வடையை இலையில் வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏறிட்டாளா?"

கேட்டாரே ஐயா! அவரும் அதே பத்திரிகை! அவர் ஊருக்கு அது சனிக்கிழமை மத்தியானம்தான் வரும், இன்னும் படிக்கவில்லை! அவ்வளவுதான். அத்தையைக் கூப்பிட்டார்கள், பத்திரிகையைக் கொண்டுவந்தார்கள், சாப்பிட்ட கையோடு அந்த அத்தியாயம் முழுக்க மறுபடி வாசிக்கப்பட்டது. "தொடரும்" என்றதும் சம்பந்தி அம்மா, "அட, இங்கயும் தொடரும்தானா!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த அம்மாள் விட்ட பேச்சு இருக்கிறதே, ஊருக்குக் கிளம்பும்வரை நிற்கவில்லை. மூன்றாம் வீட்டு அக்கா பின்னாளில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார், "என் மாமியார் என்கிட்ட முதல்ல பேசுனது அந்தக் கதையப் பத்திதான்" என்று.

பேராசிரியர் ஐயா, அது வடை வட்டம்தான். ஆனால் அந்த வட்டத்தில் எந்த வடையும் வட்டமாக இல்லை!

(நன்றி, நன்றி. இந்தக் கைதட்டல் அப்பாயிக்குப் போய்ச் சேரட்டும்.)

இப்போது வாதத்துக்கு ஒரு ஐந்து நிமிடம். தனியாக இருந்து ஆழ்ந்து படிப்பவன்தான் உண்மையான வாசகன் என்றார்கள். மன்னார்குடியில் நின்றுகொண்டு இதைச் சொல்லலாமா? இதோ பக்கத்தில் மேலவாசல். 1931-ல் அங்கிருந்துதான் மாட்டுவண்டியில் நூலகம் புறப்பட்டது. கனகசபைப் பிள்ளை என்ற மனிதர் புத்தகங்களை வண்டியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அந்த வருஷக் கணக்கெடுப்பில் நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட எழுத்து தெரியாது. அப்படியானால் யாருக்காகப் போனது அந்த வண்டி? தெரிந்த ஒருவர் வாசிப்பார், தெரியாத ஒன்பது பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள் என்ற நம்பிக்கையில் போனது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அதே 1931-ல்தான் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் நூலக அறிவியலின் ஐந்து விதிகளைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். மூன்றாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். அலமாரியில் இருக்கிற புத்தகத்துக்குக் கால் கிடையாது. அது தன் வாசகரிடம் எப்படிப் போய்ச் சேரும்? இன்னொரு வாசகர் வாய் திறந்து சொன்னால்தான் சேரும்.

இங்கிருந்து பஸ் ஏறினால் கும்பகோணம். 1880-ல் அங்கே ஒரு சந்திப்பு நடந்தது. கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த உ.வே. சாமிநாதையர், ஊருக்குப் புதிதாக வந்த முன்சீப், அதாவது நீதிபதி, சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முன்சீப். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி! ஒரு வாசகர் இன்னொரு வாசகரைப் பார்த்துக் கேட்ட கேள்வி. அதற்குப் பிறகும் தனியாக உட்கார்ந்து ஏட்டைப் புரட்டியபோது ஐயருக்குப் பல இடங்கள் விளங்கவில்லை. அது சமணக் காப்பியம் ஆயிற்றே, கும்பகோணத்துச் சமணர்களின் வீடுகளுக்குப் போனார். அவர்கள் அதைக் கூடிப் படித்து, பொருள் சொல்லி, படித்து முடித்த நாளை ஒரு பண்டிகையாகவே கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. நம் பழைய இலக்கியங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்ததற்குப் பின்னால் இப்படி ஒரு வட்டம் இருக்கிறது. அந்தப் பண்டிகைக்கு அவர்கள் வீட்டில் என்ன பலகாரம் செய்தார்கள் என்பதைப் பேராசிரியர்தான் ஆராய்ச்சி செய்து சொல்ல வேண்டும்!

பழங்கதை போதும், போன வருஷத்துக் கதை ஒன்று. எங்கள் வட்டத்தில் தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' நாவலை எடுத்துக்கொண்டோம். 2023-க்கான சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல். கொங்குச் சீமையில் ஊருக்கு முடி திருத்தும் குடிநாவிதர் குடும்பத்துக் கதை. காரு மாமாவின் சாவுக்குச் சொந்தங்கள் வந்து கூடுகிறார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், தலைப்பு எங்கே இருந்து வந்தது என்று கணியன் பூங்குன்றனின் புறநானூற்றுப் பாட்டை முழுக்கச் சொன்னார். அருமையாக இருந்தது. ஒருவர் மொழியைப் பற்றிப் பேசினார், இன்னொருவர் கட்டமைப்பைப் பற்றிப் பேசினார். கடைசி வரிசையில் சலூன் வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாலு மாதமாக வருகிறார், வாயே திறந்ததில்லை. அன்றைக்கு எழுந்தார்.

"எங்க தாத்தா சாயங்காலம் வீடு வீடாப் போயி ஊர்ச்சோறு வாங்கியாருவாரு. அந்த ஏனம் இன்னும் எங்க வீட்டுப் பரண்ல இருக்கு. எம் பிள்ளைங்களுக்கு நான் அதச் சொன்னதே இல்ல. இந்தப் புத்தகத்தப் படிச்சிட்டுப் போன வாரம் இறக்கிக் கழுவினேன்."

இவ்வளவுதான் சொன்னார். உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. நானும் அந்த நாவலைப் படித்தவள். இரண்டு முறை படித்தவள். பரணில் கிடந்த அந்த ஏனம் என் பிரதியில் இல்லை ஐயா. சாய்வு நாற்காலியில் மூன்றாம் முறை படித்திருந்தாலும் இருந்திருக்காது. தூத்துக்குடி மில்லர்புரத்தில் ஒருவர் தன் சலூனிலேயே நூலகம் வைத்திருக்கிறார், 2020-ல் பிரதமர் வானொலியில் அவரோடு தமிழில் பேசினார் என்று செய்தி வந்ததே, அந்தக் கடையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எங்கள் அண்ணனும் இப்போது கண்ணாடிக்குக் கீழே ஒரு அலமாரி அடித்திருக்கிறார். இப்போதைக்கு நாற்பது புத்தகம். முடி வெட்டிக்கொள்ளப் போகிற ஆண்கள் எல்லோரும் போய்ப் பாருங்கள்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். இரண்டு நிமிடம் கொடுங்கள் ஐயா, அத்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

தெருவுக்கே வாசித்த அத்தைக்கு எழுபது வயதில் சர்க்கரையால் கண் போனது. முதலில் எழுத்து மங்கியது, அப்புறம் முகம் மங்கியது. நான் வெளியூரில் வேலையில் இருந்தேன். புத்தகம் வாசிக்கிற ஒலிப்பெட்டி ஒன்று வாங்கி அனுப்பினேன். நல்ல குரல், நல்ல உச்சரிப்பு. இரண்டு நாள் கேட்டார், மூன்றாம் நாள் அணைத்துவிட்டார். போனில் கேட்டேன், ஏன் அத்தை பிடிக்கலையா? "குரல் நல்லாத்தான் இருக்கு கண்ணு. ஆனா நான் 'ம்'னு சொன்னா அதுக்குக் கேக்கலையே" என்றார்.

அதற்குப் பிறகுதான் கோடி வீட்டுப் பெரியம்மா வர ஆரம்பித்தார். குழவி சுற்றிய அதே பெரியம்மா. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, நாற்பத்தைந்து வயதுக்கு மேல், தெருவிளக்குக்குக் கீழே உட்கார்ந்து எழுத்துப் படித்தவர். பஸ் போர்டு படிப்பார், ரேஷன் அட்டை படிப்பார். புத்தகம் அதுவரை தொட்டதில்லை. கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு, விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி அத்தைக்கு வாசித்தார். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். பாதி வார்த்தையில் திணறினால் மீதியை அத்தை சொல்லிவிடுவார். ஒரு வரி முடிந்ததும் பெரியம்மா நிறுத்துவார். அத்தை "ம்" என்பார். அப்புறம்தான் அடுத்த வரி. மாமியாருக்கு ஒரு குரல், மருமகளுக்கு ஒரு குரல் என்று அவரும் மாற்றிப் பார்ப்பார், வராது. இரண்டு பேரும் சிரிப்பார்கள். இப்படியே ஆறு வருஷம். ஒன்பது புத்தகம்.

பத்தாவது புத்தகத்தில் பதினோரு பக்கம் மிச்சம் இருக்கும்போது அத்தை போய்விட்டார்.

கருமாதி முடிந்த அன்று மத்தியானம். இலையில் வடை, பாயசம் எல்லாம் வைத்து, பந்தி முடிந்து, வந்தவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா மட்டும் போகவில்லை. எண்பது வயது. ரேழியில் அத்தை உட்காரும் நிலைப்படிக்கு எதிரே, ஆட்டுக்கல் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். இடுப்பில் சொருகியிருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டார். அந்தப் புத்தகத்தைப் பிரித்தார். எழுத்துக்கூட்டி ஒரு வரி வாசித்தார். பழக்கத்தில் நிறுத்தினார்.

எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. நான் அங்கேதான் நின்றேன், என்னால் முடியவில்லை. பெரியம்மாவின் விரல் அந்த வரியிலேயே நிற்கிறது. என் அப்பா, வரவு செலவு நோட்டைத் தவிர வாழ்க்கையில் ஒரு புத்தகத்தையும் கையில் எடுக்காதவர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அக்காவின் இடத்தில் உட்கார்ந்தார்.

"ம்" என்றார்.

பெரியம்மா அடுத்த வரிக்குப் போனார்.

நடுவர் ஐயா, அவையோரே, நன்றி. வணக்கம்.